நான்கு மில்லிமீட்டர் புள்ளி

மார்ச் 3, காலை 6.40

அக்கா,

இதுவரை உனக்கு எடுத்த பரிசோதனைகள் பதினொன்று. வந்த பதில் பூஜ்யம்.

நான் பேனா பிடித்துப் பக்கக் கணக்கில் எழுதிப் பல வருஷம் ஆகிறது. இந்த ஆலையில் கையால் எழுதுவது கையெழுத்து மட்டும்தான். போனில் பேசக் கூடாது என்று நீ போட்ட தடையுத்தரவுக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். "போன்ல கத்துற. மெயில் போட்டா கொட்டை எழுத்துல கத்துவ. கையால எழுது, கை வலிச்சாலாவது நிறுத்துவ." இதுதானே தீர்ப்பு? மாமாவிடம் மேல்முறையீடு செய்தேன். "அக்கா தம்பிக்கு நடுவுல நான் வரல மச்சான்" என்று கடையைத் திறக்கப் போய்விட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமா அனுப்பிய அறிக்கைகளைப் படித்தேன். எனக்குப் புரிந்தது இது: தலைக்குள்ளே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அது கட்டளை ஹார்மோன் அனுப்பும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்த மாதிரி இரண்டு அட்ரினல் சுரப்பிகள். கட்டளை வந்தால் அவை கார்ட்டிசால் சுரக்கும். கார்ட்டிசால் போதும் என்றானதும் பிட்யூட்டரி கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். தொட்டி நிரம்பினால் பம்பு தானே அடங்குகிற ஏற்பாட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. அதே சங்கதி. உனக்குத் தொட்டி வழிகிறது, பம்பு அடங்கவில்லை. குற்றவாளி யார் என்பதுதான் கேள்வி.

உன் கட்டளை ஹார்மோன் ஆறு என்று வந்திருக்கிறது. பத்துக்குக் கீழே போனால் குறைவு. கட்டளையே இல்லாமல் கார்ட்டிசால் கொட்டுகிறது என்றால் அட்ரினல் தன்னிச்சையாக ஓடுகிறது. இதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம், கழித்தல் தெரிந்தால் போதும். வயிற்றை ஸ்கேன் செய்து கெட்டுப்போன சுரப்பியை எடுத்துவிட வேண்டியதுதானே? உன் டாக்டர் அம்மாவோ அந்த எண்ணை ஏற்க மாட்டேன், மறுபடி ரத்தம் எடுங்கள் என்கிறாராம். பிடிக்காத எண் வந்தால் திரும்ப அளப்பதா? நான் அப்படிச் செய்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்.

நீ குண்டாகிறாய், குறைத்துச் சாப்பிடு என்று நானும்தான் சொன்னேன். அன்று கையில் இருந்த தகவலுக்கு அது சரி. இன்று தகவல் வேறு. ஆகவே வேகமாக நகரச் சொல்கிறேன்.

நிறுத்துகிறேன். கை வலிப்பதால் அல்ல. தபால் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது.

உன் தம்பி


மார்ச் 11

அவசரத்துக்கு,

பயப்படாதே, வீட்டில் உனக்கு வைத்த 'அவசரம்' என்ற பெயர் உள்ளேதான் இருக்கிறது. உறையின் மேல் உன் நல்ல பெயரை எழுதியிருக்கிறேன்.

கையால் எழுதியும் கத்த முடியும் என்று கண்டுபிடித்துவிட்டாய். கெட்டிக்காரன்தான். பதினொன்றுக்கும் பதில் பூஜ்யம் என்கிறாயே, அந்தப் பதினொன்றும் என்ன கேள்வி கேட்டன என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

முதல் நாள் டாக்டர் என் பையைக் கவிழ்க்கச் சொன்னார். மாத்திரை, தைலம், முகத்துக்குப் பூசுகிற க்ரீம், தோள்வலிக்குத் தடவுகிற களிம்பு, எல்லாம் மேஜைமேல். ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். "ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பூசினாலும் இதே மாதிரி உப்பின முகம் வரும். மூட்டுல ஊசி போட்டிருந்தாலும் வரும். வெளியில இருந்து வரலைன்னு தெரிஞ்ச பிறகுதான் உள்ள தேடணும்." அப்புறம் பழைய போட்டோ கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் என் நீச்சல் பிள்ளைகள் கோப்பை வாங்கியபோது எடுத்ததைக் கொடுத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உன் மாமாகூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால்.

"கைய ஊனாம குந்தி எழுந்திரிங்க" என்றார். தம்பி, என்னால் முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக நீச்சல் குளத்தின் ஓரத்தில் பிள்ளைகளைக் குந்த வைத்து எழுப்புகிறவள் நான். பாதியில் தொடை கைவிட்டுவிட்டது. மேஜையைப் பிடித்தேன். அப்போது சட்டைக்கை மேலேறி, புஜத்தில் இருந்த கன்றல் தெரிந்தது. வரிசையாக நாலு.

"இது யாரோட விரல்?"

"தம்பியோடது. 'நேரமாச்சு வா வா'ன்னு சோபாவுல இருந்து இழுத்தான்."

"எப்போ?"

"மூணு வாரம் இருக்கும்."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "சாதாரணமா இழுத்தா இப்படிப் பதியாது, இத்தனை நாள் நிக்காது. தோல் மெலிஞ்சு போயிருக்கு" என்றார். ஆக, என் முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நீ. நாலு விரலால்.

பிறகு ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைக் கேனில் சேர்க்கச் சொன்னார், அதுவும் இரண்டு தடவை. கேனை நீச்சல் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனேன். ஆறாம் வகுப்பு வாண்டு ஒன்று, "கோச், ஜூஸா? எனக்குக் கொஞ்சம்" என்றது. தூங்கப்போகும் முன் பஞ்சை மென்று எச்சில் கொடுத்தேன். ஒரு மாத்திரையை இரவு விழுங்கி, காலையில் ரத்தம் கொடுத்தேன். எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின: கார்ட்டிசால் நிஜமாகவே அதிகம். "இதுவரைக்கும் வியாதி இருக்கான்னு கேட்டோம். இனிமேதான் எங்கிருந்துன்னு கேக்கணும். ரெண்டும் வேற கேள்வி" என்றார்.

அந்த ஆறு என்ற எண்ணின் கதை இதுதான். கட்டளை ஹார்மோன் பனிக்கட்டி மாதிரியாம். ரத்தம் எடுத்த குழாயை ஐஸில் வைக்காவிட்டால் அதுபாட்டுக்கு அழிந்துவிடும். டாக்டர் கீழே லேபுக்குப் போய், "இந்தக் குழாய் எதுல வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். சாதாரணத் தட்டில் ஒன்றரை மணி நேரம் கிடந்திருக்கிறது. "அப்ப இது அவங்க ரத்தத்தோட எண் இல்ல, உங்க தட்டோட எண்" என்றாராம். நேற்று ஐஸ் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஊசியை எடுத்த கையோடு குழாயை ஐஸில் புதைத்து, அதோடு நடந்தே போனார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பொறுங்க டாக்டர். வாயைத் திறந்தால் அதுதான்.

அக்கா


மார்ச் 22, மதியம் 1.15

அக்கா,

ஐஸ் பெட்டிப் பத்தியை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை ஷிப்ட் இன்சார்ஜுக்கு வாசித்துக் காட்டினேன்.

எண் விநோதமாக இருந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படு. எங்கள் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. அதை அந்த அம்மா செய்தார். நான் அட்ரினலை அறுக்கக் கத்தியோடு கிளம்பினேன். அதோடு, யாரையும் திட்டாமல் "தட்டோட எண்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கினார் பார், அது எனக்கு வராது. நான் என்றால் அந்தத் தட்டுக்காரனை இரண்டு மாடிக்குக் கேட்கும்படி திட்டியிருப்பேன். தட்டு மறுநாளும் ஐஸ் இல்லாமல்தான் வந்திருக்கும்.

அந்த இரவு மாத்திரையைப் பற்றியும் படித்தேன். அது கார்ட்டிசாலின் போலி. "போதும், நிறுத்து" என்று உடம்புக்குப் பொய் சொல்கிறது. நல்ல உடம்பு நம்பி அடங்கிவிடும். உன் உடம்பு நம்பவில்லை. நாங்களும் இதைத்தான் செய்கிறோம்: ஓடுகிற பம்பை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம், எது அசைகிறது எது அசையவில்லை என்று. ஒரு மாத்திரையில் இதைச் செய்துவிடலாம் என்று யோசித்த மூளைக்கு என் சலாம்.

பொறுங்க டாக்டருக்கு ஆஸ்பத்திரி சலித்தால் இங்கே கன்ட்ரோல் ரூமில் ஓர் இடம் காலி என்று சொல்.

அடுத்த எண் என்ன? வந்தவுடன் எழுது. "வந்தவுடன்" என்றால் வந்தவுடன்.

தம்பி


ஏப்ரல் 2

அவசரத்துக்கு,

எண்பத்திரண்டு.

ஐஸில் வைத்தால் ஆறு எண்பத்திரண்டாகிவிட்டது. மறுபடி எடுத்தும் அதே தினுசுதான். ஆக அட்ரினல் நிரபராதி. யாரோ அதட்ட அதட்ட அது பாவம் உழைத்துக்கொண்டிருக்கிறது. நீ சொன்னபடி அறுத்திருந்தால் வேலைக்காரனை அடித்துவிட்டு எஜமானை விட்ட கதையாகியிருக்கும்.

தலையை ஸ்கேன் செய்தார்கள். படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், மாமா சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். பிட்யூட்டரியில் ஒரு புள்ளி. நான்கு மில்லிமீட்டர். நான் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன், அதாவது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. "கண்டுபிடிச்சாச்சா டாக்டர்?"

"பொறுங்க. ரோட்டுல போற பத்துப் பேரை நிறுத்தி ஸ்கேன் எடுத்தா ஒருத்தருக்கு இப்படி ஒரு புள்ளி இருக்கும். ஒண்ணும் பண்ணாது, சும்மா உக்காந்திருக்கும். இருக்குங்கிறதாலேயே அதுதான் செஞ்சதுன்னு ஆகாது."

அவருக்கு இரண்டு சந்தேகம். என் பொட்டாசியம் அவர் எதிர்பார்த்ததைவிடக் கீழே கிடக்கிறது. எட்டு மாதத்தில் இவ்வளவு வேகமாக மாறியிருக்கிறேன். பிட்யூட்டரியின் வேலை என்றால் பெரும்பாலும் வருஷக்கணக்கில் நிதானமாக நடக்குமாம். உடம்பில் வேறெங்காவது ஒரு சின்னக் கட்டி உட்கார்ந்து பிட்யூட்டரியின் பெயரில் கள்ளக் கட்டளை அனுப்பலாம் என்கிறார். அதைப் பிரித்தறிய ஒரே வழி, தொடையிலிருந்து மெல்லிய குழாய் விட்டுத் தலைவரை போய், பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் இறங்கும் வாய்க்காலிலேயே மாதிரி எடுப்பது. செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. பத்து வாரம் வரிசை. அதுவரை ரத்த அழுத்தம், சர்க்கரை, பொட்டாசியம் மூன்றுக்கும் மாத்திரை.

பிள்ளைகள் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பலூன் கோச். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

அக்கா


ஏப்ரல் 10, காலை 5.50

அக்கா,

பத்து வாரமா?

படத்தைப் பார்த்தேன். புள்ளி இருக்கிறது. கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைத் தேடுவது என்ன புத்தி? பொறுங்க டாக்டரை நான் பாராட்டினேன், வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை வேண்டும். இந்த வியாதியில் எலும்பு பொடிந்துபோகும், சின்னக் கிருமி வந்தாலும் பெரிதாகத் தாக்கும், ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று படித்தேன். நீ ஈரத் தரையில் வேலை பார்க்கிறவள். ஒருநாள் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? நான் யோசித்தேன். தினமும் யோசிக்கிறேன்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். எங்கள் மேனேஜர் மூலம் ஒரு பெரிய சர்ஜனின் ஆஸ்பத்திரியைப் பிடித்தேன். மூக்கு வழியாகப் போய்ப் புள்ளியை எடுத்துவிடுவார். ஏப்ரல் 28, காலை ஏழு மணி. படுக்கை சொல்லியாகிவிட்டது. மாமா உன்னைக் கூட்டிவர வேண்டும், நீ கையெழுத்துப் போட வேண்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதில் விவாதம் வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

போட மாட்டேன்.

போன வருஷம் உன் கன்ட்ரோல் ரூமைச் சுற்றிக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? சுவரில் உன் கையெழுத்தில், கோணல் மாணலாக, ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ஜூனியர்களுக்கு என்றாய். நான் எழுதுகிறேன், சரியா பார்: "கழற்றுவதற்கு முன், இதுதான் குற்றவாளி என்று இன்னொரு வழியில் நிரூபி." ஒரு பையன் நல்ல வால்வைக் கழற்றிப் போட்டு மூன்று நாள் ஆலை நின்றதையும் அன்றைக்குத்தான் சொன்னாய். வால்வை மறுபடி மாட்டினீர்கள். என் தலைக்குள் இருப்பதை மறுபடி மாட்ட முடியுமா?

டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கடைசிவரை படித்தார். "உங்க தம்பிக்கு உங்க மேல ரொம்பப் பிரியம்" என்றார். எனக்கு ஆச்சரியம், எந்த வரியில் அதைப் பார்த்தார் என்று. பிறகு சொன்னார்: "அந்தப் புள்ளி குற்றவாளி இல்லைன்னா, ஆபரேஷனுக்கு அப்புறமும் கார்ட்டிசால் அப்படியே இருக்கும். நல்ல சுரப்பி அடிபட்டா ஆயுசுக்கும் மாத்திரை. உண்மையான இடத்தைத் தேடத் தொடங்குறப்ப நீங்க இன்னும் பலவீனமா இருப்பீங்க." கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "நானும் அவசரத்துலதான் இருக்கேன். அதனாலதான் தப்பான இடத்துல நேரத்தை வீணாக்க மாட்டேங்கறேன்" என்றார்.

பேசிக்கொண்டே என் முன்னாலேயே மூன்று ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டார். மூன்றாவது இடத்தில் கெஞ்சினார், மிரட்டினார், பழைய நட்பைச் சொன்னார். மே 6-ம் தேதிக்கு இடம் வாங்கிவிட்டார். பொறுங்க டாக்டர் பொறுத்துக்கொள்ளாமல் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். உன் குரல் மாதிரியே இருந்தது.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. காலையில் கண்ணாடியைப் பார்க்காமல் பல் துலக்கப் பழகிவிட்டேன். நீச்சல் குளத்திலிருந்து ஏணி பிடித்துக்கூட ஏற முடியாமல், பிள்ளைகள் போகும்வரை தண்ணீரிலேயே நின்றேன் ஒருநாள். பயத்தில் முடிவெடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன். நீயும் இரு.

அக்கா


ஏப்ரல் 24, காலை 10.05

அக்கா,

அட்டையைப் போய்ப் பார்த்தேன். அதே வாசகம். கோணல் மாணல் என்பது மிகை.

ஆபரேஷனை ரத்து செய்ய அந்த சர்ஜனோடு பேசினேன். அதுவரை அவருடைய ஆட்களோடுதான் பேச்சு. அவர் கேட்ட முதல் கேள்வி, "தலையில சாம்பிள் எடுத்துப் பாத்தாச்சா?" இல்லை என்றேன். "அப்புறம் என்னத்துக்குய்யா என்னைக் கூப்பிட்ட?" என்று வைத்துவிட்டார். எனக்குப் பிடித்துவிட்டது அவரை.

மே 6 சரி. அன்றைக்கு இங்கே புதிதாக மாட்டிய பம்பின் முதல் ஓட்டம். வர முடியாது.

"பிள்ளைகள் போகும்வரை தண்ணீரில் நின்றேன்" என்பதை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


மே 13

தம்பி,

முதலில் உனக்குப் பிடித்த பகுதி.

என்னை மயக்கவில்லை. இரண்டு தொடைகளிலும் ஊசி அளவுத் துளை, இரண்டு குழாய். ஏறுவது தெரியவில்லை, காதுக்குப் பின்னால் ஏதோ சலசலப்பு மட்டும். இடது வாய்க்கால், வலது வாய்க்கால், கை நரம்பு, மூன்று இடத்தில் மூன்று ஊசி. ஒரே நொடியில் உறிஞ்ச வேண்டும், முன்பின் ஆனால் கணக்குப் பிசகும். பொறுங்க டாக்டர் காலடியில் மூன்று ஐஸ் வாளிகளோடு நின்று, "ரெடி... எடு!" என்றார். மூன்று லேன், ஒரே விசில். படுத்தபடியே அவருக்கு மனசுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன். என் பிள்ளைகளே இவ்வளவு ஒழுங்காகக் குதித்ததில்லை. அப்புறம் பிட்யூட்டரியைச் சீண்டுகிற மருந்து ஒன்று போட்டார்கள். மறுபடி எடு, மறுபடி எடு.

குற்றவாளி பிட்யூட்டரியாக இருந்தால், தலை வாய்க்காலில் கட்டளை ஹார்மோன் கையில் இருப்பதைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும். எனக்கு இடது எண்பத்தெட்டு, வலது தொண்ணூற்றொன்று, கை எண்பத்தைந்து. சீண்டிய பிறகும் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றேதான். தலையிலிருந்து தனியாக எதுவும் கிளம்பவில்லை.

"அப்ப புள்ளி இல்லையே டாக்டர்?" என்றார் மாமா.

"பொறுங்க. குழாய் சரியான இடத்துல இருந்துச்சான்னு முதல்ல பாக்கணும்." அதே ரத்தத்தில் பிட்யூட்டரி மட்டுமே சுரக்கிற இன்னொரு ஹார்மோனையும் அளக்கச் சொல்லியிருந்தார். அது தலையில் இரண்டு பக்கமும் கையைவிட மூன்று மடங்கு. ஆக, குழாய் சரியான வாய்க்காலில்தான் இருந்திருக்கிறது. இனி நம்பலாம். என் தலைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தவனைத் தூக்கில் போடப் பார்த்தோம், தம்பி.

பிறகு நெஞ்சை மெல்லிய மெல்லிய துண்டுகளாக ஸ்கேன் செய்தார்கள். வலது நுரையீரலில், இதயத்தின் நிழல் விழுகிற மூலையில், ஒன்பது மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. முதலில் படித்தவர் கவனிக்கவில்லை. டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்துப் பிடித்தார். அந்த வகைக் கட்டியை மட்டும் ஒளிரவைக்கிற இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஒரு இடம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி.

"இப்ப நீங்க கேக்கலாம்" என்றார்.

"கண்டுபிடிச்சாச்சா டாக்டர்?"

"கண்டுபிடிச்சாச்சு." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, துணியை நீட்டினார்.

ஜூன் 2 ஆபரேஷன். நுரையீரலுக்கு.

அக்கா


மே 20, காலை 8.30

அக்கா,

ஒரு ஆளைப் பாராட்டி நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. இரண்டும் அதே ஆள்.

அந்த இன்னொரு ஹார்மோன் விஷயம். இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. "இல்லை" என்று ஒரு பதில் வந்தால், நிஜமாகவே இல்லையா, நாம் கேட்ட இடம் தப்பா? இதைப் பிரித்துப் பார்க்க எவனும் மெனக்கெடுவதில்லை. நானும்தான். மீட்டர் பூஜ்யம் காட்டினால் ஓட்டம் இல்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். மீட்டரே குழாயில் மாட்டாமல் தொங்கியிருக்கலாம். அவர் அதே ரத்தத்திலேயே சாட்சியையும் சேர்த்து வைத்திருந்தார், முன்கூட்டியே. சந்தேகம் வந்தபிறகு அல்ல. வருவதற்கு முன்.

ஏப்ரல் 28 நடந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்தினேன்.

ஜூன் 1 இரவு வண்டி. மூன்று நாள் லீவு. கத்த மாட்டேன். யாரையும் இழுக்க மாட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 19

அவசரத்துக்கு,

நீ வந்துபோய் இரண்டரை மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நடந்த நடைக்கு ஊருக்கே நடந்து போயிருக்கலாம் என்று நர்ஸ் இன்னும் சொல்கிறார்.

பொறுங்க டாக்டர் ஒரு விஷயம் கேட்டார். "உங்க தம்பி எதிர்ல வந்து நின்னாரு, ஏதோ பெருசா சொல்லப் போறாருன்னு நெனச்சேன். 'உங்க ஐஸ் பெட்டி நல்ல கம்பெனி'ன்னுட்டுப் போயிட்டாரு. அப்படின்னா என்ன?" அப்படி என்றால் நன்றி என்று மொழிபெயர்த்தேன். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று சிரித்தார். அந்தப் பெட்டியின் மேல் அவரே இப்போது "நல்ல கம்பெனி" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

கட்டி மெதுவாக வளர்கிற ரகம். சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகள் சுத்தம், பரவவில்லை. அதற்காக விட்டுவிட முடியாது, வருஷக்கணக்கில் போய்க் காட்ட வேண்டும். ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் காலைக் கார்ட்டிசால் ஏறக்குறைய பூஜ்யம், அதாவது கள்ளக் கட்டளை நின்றுவிட்டது. நீ அப்போது வண்டியில் இருந்தாய். நான் வாந்தியும் மூட்டுவலியுமாகக் கிடக்கிறேன், அவர் அந்தத் தாளை ஆட்டிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிற மாதிரி வந்தார். கள்ளக் கட்டளையை நம்பி நிஜப் பிட்யூட்டரி இத்தனை நாள் தூங்கிவிட்டது; அது விழிக்க மாதக்கணக்காகும்; அதுவரை கார்ட்டிசாலை மாத்திரையாக விழுங்க வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. இதெல்லாம் எழுதிய அட்டை ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன்.

முகம் இறங்குகிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நேற்று கண்ணாடியைப் பார்த்துப் பல் துலக்கினேன். பலூன் கோச் என்று பெயர் வைத்த வாண்டு வந்து, "கோச், உங்க காத்து இறங்கிடுச்சு" என்றது. பாராட்டாம்.

ஆனால் தொடை இன்னும் வரவில்லை. அது மெதுவாகத்தான் வரும் என்கிறார். முந்தாநாள் தண்ணீரில் இறங்கினேன். ஏணி இல்லாமல், சுவர் விளிம்பில் கை ஊன்றி ஏறிப் பார்த்தேன். இடுப்புவரை வந்தேன், திரும்ப விழுந்தேன். மாமா ஓடிவந்து கை நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

செப்டம்பரில் நீ வரும்போது ஏறுவேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. வருகிறாயா?

போன் தடையை நீக்கலாமா என்று மாமா கேட்டார். யோசிக்கிறேன். உன் கடிதங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன, அதுதான் தயக்கம்.

அக்கா


ஆகஸ்ட் 28, காலை 6.40

அக்கா,

வருகிறேன். செய்யப்போவது இவை:

1. செப்டம்பர் 12, காலை வண்டி. எட்டு நாள் லீவு. "மூன்று போதாதா?" என்றார் மேனேஜர். போதாது என்றேன்.

2. உன் மாத்திரை, இரட்டிப்பு விதி, அவசர ஊசி எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் மாமாவிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வேன். கேட்பேன். சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

3. இங்கே ரத்தமில்லாத வேலைக்கும் ஐஸ் பெட்டிப் பாடம் பொருந்துகிறது. கிளம்புமுன், தண்ணீர் மாதிரி எடுக்கும் பையன்களுக்கு அந்தத் தட்டின் கதையைச் சொல்லப் போகிறேன். யாரையும் திட்டாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

4. சுவர் அட்டையில் இரண்டாவது வரி சேர்ப்பேன்: "'இல்லை' என்று பதில் வந்தால், சரியான இடத்தில்தான் கேட்டாயா என்று பார்." கையெழுத்து நேராக இருக்கும்.

5. பொறுங்க டாக்டரைப் போய்ப் பார்ப்பேன். இந்த முறை நன்றி என்ற வார்த்தையையே சொல்வேன். இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன், வருகிறது.

6. போன் தடை நீங்கினாலும் மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். கை வலிக்கும்வரை.

7. நீ தண்ணீரில் இறங்கும் நாளன்று குளத்தின் ஓரத்தில் நிற்பேன். இரண்டு கையும் பாக்கெட்டில் இருக்கும். நீ வழுக்கினாலும், திரும்ப விழுந்தாலும், மாமா என்னை முறைத்தாலும், நீ கூப்பிடாதவரை வெளியே எடுக்க மாட்டேன். கடிகாரத்தை மாமாவிடம் கொடுத்துவிடுவேன். மனசுக்குள் எண்ணுவேன், அதை உன்னால் தடுக்க முடியாது. ஆனால் எந்த எண்ணில் நீ மேலே வந்தாய் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தம்பி